நூற்றவளின் கூலி

நன்னூல் பாயிரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நூல் செய்யும் முறையைச் சொல்ல வந்த பவணந்தி, சொல்லைப் பஞ்சாகவும் அறிவைக் கதிராகவும் காட்டிவிட்டு, புலவனை நூற்கும் பெண்ணாகவே ஆக்கிவிடுகிறார். அவளுக்குக் கை, அவனுக்கு வாய். மயிலாப்பூர் வகுப்பறையில் ஆண்டுதோறும் இதை வியந்து பேசியிருக்கிறேன். சென்ற ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "புலவருக்குப் பரிசில் கிடைக்கும். அந்தம்மாவுக்கு என்ன கெடைச்சுது மேடம்?"

சங்கப் பாடல்களில் தேடினேன். அங்கே அவள் பெயர் பருத்திப் பெண்டு. புறநானூறு 326-இல், இரவில் பஞ்சின் குப்பையை நீக்க எழுகிறாள். அவளுடைய சிறு விளக்கின் வெளிச்சத்தில், காட்டுப்பூனைக்கு நடுங்கிய பெட்டைக்கோழி தன் சேவலைக் கண்டு பயம் தணிகிறது. கோழிக்குத் துணை தெரிந்தது. அவளுக்கு விடியும்வரை வேலை. நற்றிணை 353-இல் ஆண் துணையற்ற பெண்கள் பாடுபட்டு நூற்றது மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை. புறநானூறு 125-இலோ பருத்திப் பெண்டின் பஞ்சு, புலவர் உண்ணும் கொழுத்த இறைச்சிக்கு உவமை. அந்த விருந்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை.

ஆண் இல்லாதவள் பிழைக்க இருந்த வழி அது. ஆங்கிலத்தில் 'ஸ்பின்ஸ்டர்' என்றால் முதலில் நூற்பவள்; பிறகு மணமாகாதவள்; கடைசியில் ஏளனச் சொல்.

காந்தி நூற்பதை வேள்வி என்றார். இதே மயிலாப்பூரில் வசதியான வீட்டுப் பெண்கள் ராட்டை சுற்றினார்கள், அம்புஜம்மாள் உட்பட. அவர்களுக்கு அது வேள்விதான், மறுக்கவில்லை. கூலிக்கு நூற்ற கிராமத்துப் பெண்ணுக்கு? 1925-இல் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கம் தந்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை என்பதைக் காந்தியே உணர்ந்து, 1935-இல் எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா தர வேண்டும் என்றார். கதர் விலை ஏறிவிடும், விற்காது என்று கதர் ஊழியர்களே தயங்கினார்கள். நாடே வணங்கிய வேலை அது. ஆனால் எட்டணா அதிகமாகப் பட்டது. புனிதம் என்று சொல்லிவிட்ட பிறகு விலை பேசுவது அநாகரிகமாகிவிடுகிறது, சமையலறையில் நடப்பதைப் போலவே. கும்பிடு போட்டால் கணக்குத் தீர்ந்ததாக ஆகிவிடுமா?

மாணவியிடம் எட்டணாக் கதையைச் சொன்னேன். "கெடைச்சுதா?" என்றாள். முழுதாக இல்லை என்றேன்.

என் முதல் தொகுப்பில் மூன்று கவிதைகளில் ராட்டை வருகிறது. நான் ஒருநாளும் நூற்றதில்லை.