கடைத்தெருவுக்குப் பட்ட கடன்

'கடன்' என்னும் சொல் தமிழில் இரு பொருளைச் சுமந்து நிற்கிறது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். வட்டிக்கடைக்காரர் பேசும் கடனும் அறநூலார் பேசும் கடனும் ஒரே சொல்லாய் அமைந்திருப்பதைக் கல்லூரியில் பி.ஏ. படித்த காலத்தில் நான் பொருட்படுத்தியதில்லை. திருப்பதிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை மூடப்பட்ட நாளில்தான் அது நெஞ்சில் உறைத்தது. முதற்பொருளிலான கடனை முற்றும் தீர்த்துவிட்டவனுக்கு இரண்டாம் பொருளிலான கடன் எஞ்சி நிற்குமா? கேட்ட விலையைக் கொடுத்துப் பொருள் வாங்கியவன், அதை விற்ற கடைக்கு மேலும் ஏதேனும் செய்யக் கடமைப்பட்டவனா?

பூம்புகாரின் வணிகரைப் பாட வந்த பட்டினப்பாலை, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்த அவர்களது நேர்மையைப் போற்றுகிறது. அளவு சரியாயிற்று, விலை சரியாயிற்று, இருவரும் பிரிந்து போகலாம். வள்ளுவரோ செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, உதவியின் பெருமை உதவியின் அளவில் இல்லை, உதவி பெற்றவரின் பண்பில் உள்ளது என்கிறார். முன்னதை வைத்துப் பார்த்தால் நான் யாருக்கும் கடன்படவில்லை. பின்னதை வைத்துப் பார்த்தால் தீராக் கடனாளி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று எழுதுகிறேன்.

திருப்பதி நகரத்துக் கடைத்தெருவை நம் சங்கத்து அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கோவிந்தராசர் கோயிலும் இரயில் நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் இருக்க, அவற்றைச் சுற்றிக் காந்தி சாலையும் திலகர் சாலையும் கிளைச் சந்துகளும் வளர்ந்தன. மலைமேல் மோட்டார் செல்லும் பாதை 1944-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் யாத்திரிகர் நடந்து ஏறினர். இயலாதோர் டோலியில் சென்றனர். ஏறுமுன் இளைப்பாறியதும், இறங்கிய பின் உண்டதும், ஊருக்குக் கொண்டு செல்லப் பித்தளைச் சொம்பும் குங்குமமும் வாங்கியதும் இத்தெருக்களில்தான். யாத்திரிகருக்கெனத் திறந்த கடைகள், வேலையின் பொருட்டு வந்து குடியேறிய நம்மையும் வாழவைத்தன. தெலுங்கு அறியாது வந்திறங்கிய எவரும் இங்கே பட்டினி கிடந்ததில்லை. கடைக்காரர்கள் தமிழ் பேசினர். யாத்திரிகரிடம் கற்ற தமிழ்.

அத்தெரு இன்று மெலிந்துவிட்டது. புறவழிச்சாலைப் பக்கம் குளிர்காற்று வீசும் பேரங்காடிகள் எழுந்தன. அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு. கைப்பேசியில் விரல் வைத்தால் பொருள் வாயிலுக்கே வருகிறது. 2023-இல் சீனிவாச சேது என்னும் நீண்ட மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்ட பின், கபிலதீர்த்தம் நோக்கி விரையும் வண்டிகள் ஊரின் தலைமேல் பறந்து போகின்றன. நெரிசல் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் நெரிசலைத் தின்று வாழ்ந்த கடைகளும் உண்டல்லவா?

இது திருப்பதிக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. நான் முதலில் பணியாற்றிய சித்தூரில், கடைத்தெரு ஒருநாளும் தலைநிமிர்ந்து நின்றதாக எனக்கு நினைவில்லை; ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. தீபாவளிப் புடவையென்றால் வேலூர்; உப்பும் புளியும் என்றால் சித்தூர். சென்னையின் கதையோ இன்னும் பெரிது. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் எரிந்தது. அதே இடத்தில் 1990-களில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா நகரத்தின் வியப்பாக விளங்கியது. மணமான புதிதில் என் மனைவியை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன். பிறகு அதனினும் பெரிய வணிக வளாகங்கள் வந்தன, பிளாசாவும் பொலிவிழந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான ஒருவரின் வாழ்வை இங்கே எண்ணிப் பார்க்கலாம். விக்டர் குரூயன் என்பவர் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்கு அஞ்சி 1938-இல் அமெரிக்கா சென்ற கட்டடக் கலைஞர். அவரும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவரே. தம் பழைய நகரத்தில் மக்கள் கூடி நடந்து, பேசி, பண்டம் வாங்கிய தெருக்களை அவர் மறக்கவில்லை. அவ்வின்பத்தைக் கூரையின்கீழ் அமைத்துத் தரும் நோக்குடன் மினசோட்டா மாநிலத்தில் அவர் வடிவமைத்த சவுத்டேல் வளாகம் 1956-இல் திறக்கப்பட்டது. உலகெங்கும் அதைப் பின்பற்றினர். ஆனால் பிறர் எடுத்துக்கொண்டவை கூரையும் கார் நிறுத்தும் வெளியுமே. கூடிவாழும் நகரத்தை விட்டுவிட்டனர். முதுமையில் அவர் வியன்னாவுக்கே திரும்பினார். அந்நகரின் புறத்தேயும் அத்தகைய வளாகம் ஒன்று 1976-இல் வந்து சேர்ந்தது. இவற்றுக்குத் தந்தை என்று தம்மை அழைப்பதை அவர் வன்மையாக மறுத்தார். தெருவை நேசித்தவன் கையாலேயே தெரு நலிந்தது.

கட்டியவருக்கே அந்த வருத்தம் என்றால், வாங்கியவனுக்கு? இனி என் கதைக்கு வருகிறேன்.

2010-இல் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றலாகி வந்தேன். பழைய அலுவலகத்திலிருந்து வரவேண்டிய கடைசிச் சம்பளச் சான்று வந்து சேரவில்லை. அது வாராமல் புதிய அலுவலகத்தில் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது. இரண்டரை மாதம் சம்பளம் இல்லை. கைக்குழந்தையுடன், முன்பணம் கொடுத்துக் காலியான கையுடன், கோவிந்தராசர் கோயிலுக்கு அருகில் ஒரு சந்தில் இருந்த மளிகைக்கடை முன் நின்றேன். கடைக்காரர் தெலுங்கர், எல்லோரும் அவரைச் செட்டிகாரு என்பர். நான் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்ட தயக்கத்திலேயே அவருக்கு நிலைமை விளங்கிவிட்டது போலும். "சம்பளம் வரட்டும் சார். பிள்ளைக்குப் பால் பவுடர் வேண்டாமா?" என்றார். பிணை கேட்கவில்லை, முகவரி கூடக் கேட்கவில்லை.

நீண்ட கணக்குப் புத்தகத்தில் எனக்கென ஒரு பக்கம் திறந்தார். அதன் தலைப்பில் தெலுங்கில் எழுதியது என் பெயரை அன்று. 'அரவ சாரு' என்று. தமிழரை இப்பக்கத்தில் அரவர் என்பது வழக்கம். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் தமிழரும் உண்டு. எனக்கு அந்தப் பக்கமே அரிச்சுவடியாயிற்று. பிய்யம், கந்திபப்பு, சிந்தபண்டு என்று அவர் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் தெலுங்கு எழுத்து கற்றேன்.

சில ஆண்டுகள் கழித்துப் பேரங்காடி வந்தது. முதலில் அரிசி மட்டும் அங்கே வாங்கினோம். பிறகு எண்ணெய், பிறகு சோப்பு. பருப்புக்குக் கிலோவுக்குப் பத்து, பன்னிரண்டு ரூபாய் குறைவு. மாதத்துக்கு முந்நூறு, நானூறு மிஞ்சியது. மகளுக்குக் கல்விக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. முடிவில் செட்டிகாருவிடம் வாங்கியது பெருங்காயமும் கற்பூரமுமே. பேரங்காடியின் பெயர் பொறித்த பையுடன் அவர் கடையைக் கடக்கக் கூசி, அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். அரைப் பர்லாங்கு கூடுதல் நடை.

இவ்வெண்ணத்தை ஒரு மாலை நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வட்டியில்லாக் கடன் என்று உருகுகிறீரே, வட்டி அவர் விலையிலேயே இருந்தது. நீர் பன்னிரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு மாதமும் நன்றிக்கடனைத் தீர்த்தே வந்தீர்" என்றார். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. நான் அதனினும் வலிய ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். எனக்குப் பால் பவுடர் கொடுத்த அதே கடையில், கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு பெண் கால்கிலோ பருப்புக் கடனாகக் கேட்டு, வெறுங்கையுடன் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னே வந்தவள் அவள். எனக்குப் பொருள் கட்டிக் கொடுத்த பின்பே அவளிடம் பேசினார்கள். செட்டிகாரு நம்பியது என்னையா, என் மத்திய அரசுச் சம்பளத்தையா? பழைய கடைத்தெருவைப் பொற்காலம் என்று பாடுவோர் இத்தகைய பெண்களைக் கேட்டுவிட்டுப் பாடட்டும். முகத்தைப் பார்த்து விலை சொன்ன கடைகளும், சிலரைப் படியேற விடாத கடைகளும் நம் தெருக்களில் இருந்தன. பேரங்காடியில் அவளும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறாள். பொருளை எடுத்துப் பார்க்கிறாள். அச்சிட்ட விலை அவளுக்கும் எனக்கும் ஒன்றே. கடன்தான் அங்கே இருவருக்கும் கிடையாது.

ஆகவே தெரு முழுவதற்கும் நான் கடன்பட்டவன் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதருக்குப் பட்டேன். அவர் எல்லோருக்கும் நல்லவராய் இருந்தாரா என்பது வேறு கேள்வி. அதை என் கடனைத் தள்ளுபடி செய்யப் பயன்படுத்துவது முறையாகாது.

இவ்வாறெல்லாம் நியாயம் பேசும் எனக்கு 2020 ஒரு பாடம் வைத்திருந்தது. அவ்வாண்டு மார்ச்சு 20 முதல் திருமலையில் யாத்திரிகருக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. சூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கிற்று. யாத்திரிகர் இல்லாத திருப்பதியை முதன்முறையாகக் கண்டோம். பேரங்காடி முன் நீண்ட வரிசை. கைப்பேசியில் கேட்ட பொருள் எதுவும் இல்லை. அப்போது செட்டிகாருவே அழைத்தார். "என்ன வேணும் சொல்லுங்க சார், பையனை அனுப்பறேன்." மூன்று மாதம் அவர் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து வாயிற்படியில் வைத்துவிட்டுப் போனான். விலையில் ஒரு காசு ஏற்றவில்லை. நிலைமை சீரானதும், எழுதவே கூசுகிறது, நாங்கள் மீண்டும் பேரங்காடிக்கே போனோம். யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி தானே அத்திசையில் திரும்பியது போல் இருந்தது.

வேறிடத்தில் வாங்கியதைக் குற்றம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். வரையறுத்த வருவாயில் குடும்பம் நடத்துபவனுக்கு முந்நூறு ரூபாய் சிறிதன்று. அவர் முகத்தில் விழிக்காமல் சந்து மாறி நடந்தேனே, அங்கேதான் தவறினேன். கடனாளிதான் ஒளிந்து நடப்பான். கணக்குத் தீர்ந்தவனுக்கு ஒளிய என்ன வேண்டியிருக்கிறது? என் கால்கள் என் வாதத்தை நம்பவில்லை. ஆயினும், முகம் காட்டியிருந்தால் போதுமா என்று மனம் மறுபடி கேட்கிறது. வணக்கம் சொன்னால் கடை வாடகை கட்ட முடியாது. பாதிப் பொருளை அங்கேயும் பாதியை இங்கேயும் வாங்கியிருக்கலாம். நூற்றைம்பது ரூபாய்தான் கூடியிருக்கும். அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் மாதந்தோறும் தேநீருக்கே அதைவிட மிகுதியாகச் செலவிடுகிறேன். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது கடை மூடிய பிறகு.

2024-இல் மூடினார். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கடைக்கு வர விருப்பமில்லை. பாக்கி வைத்திருந்தோரை எல்லாம் வரச்சொல்லியிருந்தார் என்று கேள்விப்பட்டு, பாக்கியில்லாத நானும் போனேன். இம்முறை நேர்வழியில். பலகைத் தட்டுகள் பாதி காலியாக இருந்தன. என்னைக் கண்டதும் பழைய புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, தூசியைத் தட்டி, பக்கம் புரட்டினார். இரண்டரை மாதக் கணக்கும் அப்படியே இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

"உங்க கணக்கு அப்பவே தீர்ந்துடுச்சு சார்" என்றார்.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். மகள் இப்போது தெலுங்கு நன்றாகப் படிக்கிறாள். தலைப்பைப் படித்துவிட்டு, "இது யாரப்பா?" என்று கேட்டாள்.