காவல் கூலி

விதைத்த ஆறாம் நாள் மண்ணில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். உள்ளே மல்லாட்டை முளை நிமிர்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்க நாம் குனிய வேண்டும். காக்கைக்கு வரப்பில் நின்றாலே போதும். இறங்கும். கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். அலகை நுழைத்து முளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பருப்பைக் காலால் அழுத்திக் கொத்தித் தின்னும். பிறகு அடுத்த குழிக்கு நகரும். கொல்லை முழுக்க அலையாது. ஒரு சாலைப் பிடித்தால் அந்தச் சாலின் போக்கிலேயே போகும். நாம் வரிசை பார்த்து விதைத்ததே அதற்கு வழிகாட்டியாகிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்தில் நிலக்கடலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மல்லாட்டை. ஏக்கருக்கு ஐம்பது கிலோ விதைப் பருப்பு வேண்டும். மானாவாரிக்காரனுக்கு அதுதான் முதல் பெரிய செலவு. பிடுங்கப்பட்ட இடத்தில் மறுபடி ஊன்றலாமே என்று கேட்பார்கள். ஊன்றலாம். ஆனால் பத்து நாள் பின்தங்கிய செடிக்காக மற்ற செடிகள் காத்திருக்காது. கொல்லை மொத்தத்தையும் பிடுங்கும் நாளில் அதன் காய் பிஞ்சாகத்தான் இருக்கும். அதனால் முளையில் விழுந்த பள்ளம் அறுவடை வரைக்கும் பள்ளம்தான். 'அதுவும் ஒரு ஜீவன்தானே, தின்னுட்டுப் போகட்டும்' என்று சொல்கிறவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஜீவனின் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிறோம் என்பதையும் அவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அப்பா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். விதை, ஏர், எரு, களை, பிடுங்கு கூலி, காய் ஆயும் கூலி, வண்டி வாடகை என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு பக்கம். அவர் போனபிறகு அதைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். காலணா கூடத் தப்பாத கணக்கு என்று நம்பியிருந்தேன். காவலுக்கு அதில் வரியே இல்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

காவல் இருந்தது அக்கா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. விதைத்த மறுநாளிலிருந்து நாலு இலை விடும் வரைக்கும், பன்னிரண்டு பதினாலு நாள், விடியுமுன்னே தகர டப்பாவோடு கொல்லைக்குப் போவாள். காக்கை இறங்குவது கருக்கலில். சூரியன் ஏறியபின் போனால் வேலை முடிந்திருக்கும். வெயிலில் கொஞ்சம் ஓயும், சாயங்காலம் மறுபடி வரும். கார்த்திகைப் பட்டத்துக்கு ஒருமுறை, ஆடிப் பட்டத்துக்கு ஒருமுறை. நடுவில் கம்பு பால்பிடிக்கும்போது குருவிக்காக இன்னொரு முறை. ஏழாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சை எழுத அவள் போகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நான் அவளுக்கு மூன்று வயது இளையவன். பையன் படிக்கட்டும் என்று என்னை யாரும் கொல்லைக்கு அனுப்பவில்லை. நான் படித்த படிப்பில் எத்தனை நாள் அவளுடையது என்று கணக்குப் பார்த்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. தினைப்புனத்தில் கிளி விரட்டப் பெண்கள் கையில் எடுத்துப்போன கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லியே குறிக்கிறது: தழல், தட்டை, குளிர். பரண்மேல் நின்ற அந்தப் பெண்ணைக் காதலின் நாயகியாகவே நாம் படித்திருக்கிறோம். அவள் அங்கே வேலையாக நின்றாள் என்பதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்திலும் காக்கை விரட்டியது பிள்ளைகள்தான். பிற்காலத்தில் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டி, பாராளுமன்றத்துக்கும் போன ஜோசஃப் ஆர்ச் 1826-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் அவர் போன முதல் வேலை கொல்லையில் காக்கை விரட்டுவது. நாளெல்லாம் நின்றதற்கு நாலு பென்ஸ் கூலி. உலகத்தில் எங்கெல்லாம் தானியம் விளைந்ததோ அங்கெல்லாம் அதற்குக் காவலாக யாரோ ஒரு சின்னப்பிள்ளை நின்றிருக்கிறது.

அந்தப் பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை விட்டுப்போன இடத்தில் யார் நிற்பது என்று நாம் கேட்டுக்கொள்ளவேயில்லை. காக்கைப் பிரச்சினை என்று நாம் பேசுவதன் அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

ஆளுக்குப் பதிலாக எதையெதையோ நிறுத்திப் பார்த்தோம். வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்தினோம். முதல் நாள் காக்கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் பொம்மையின் தோளிலேயே உட்கார்ந்தது. வெடி போட்டால் ஆலமரத்துக்குப் போகும், புகை அடங்கியதும் திரும்பிவிடும். செத்த காக்கை ஒன்றைக் கொம்பில் கட்டித் தொங்கவிட்டால் சில நாள் பக்கத்தில் வராது. பிறகு அதுவும் பழகிவிடும். ஆள் உட்கார்ந்திருக்கிறானா, தூங்குகிறானா, கையில் கவண் இருக்கிறதா என்பது வரைக்கும் அது பார்க்கும் என்பாள் அக்கா. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் இதைச் சோதித்துக் காட்டினார். குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு அவருடைய குழு ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டது. பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கத்தின. பிடிபட்டவை மட்டுமல்ல, பிடிபடாதவையும் சேர்ந்து கத்தின. ஆண்டுகள் போயும் அந்த முகத்தை அவை மறக்கவில்லை. அவை வேறு இனக் காக்கைகள்தான். ஆனால் எங்கள் ஊர்க் காக்கையோடு ஒரு பட்டம் மல்லுக்கட்டியவர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்.

பொம்மையும் வெடியும் தோற்ற இடத்தில் விஷம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கொல்லைக்காரர் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வரப்போரம் வைத்தார். காலையில் நான் போனபோது ஒரு காக்கை சாலுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. இறக்கை ஒன்று மட்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கால்விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன. அலகோரத்தில் நுரை. தலைக்கு மேலே நூறு காக்கைகள் சுற்றிச் சுற்றிக் கத்தின, ஒன்றும் இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளி இரண்டு மைனா, நாலைந்து தவிட்டுக்குருவி, யார் வீட்டுக் கோழியோ ஒன்று. மறுநாள் செத்த கோழியைத் தின்ற தெருநாயும் போனது. முளை பிடுங்கியது காக்கை; மற்றவை எதற்காகச் செத்தன என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

கேட்டேன். அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "நான் என்ன சொகத்துக்கா பண்ணேன் தம்பி? பொண்ணுங்க ரெண்டும் காலேஜுக்குப் போவுது. நானும் உங்க அண்ணியும் விடிஞ்சா கூலிக்கு ஓடுறோம். கொல்லையில யாரு நிக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய பெண்கள் படிப்பது எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் செலவை அவர் ஒரு பொட்டலம் குருணையால் கட்டியிருந்தார். ஆள் கூலியைவிடக் குருணை மலிவு. காவல்காரன் கிடைக்காத இடத்தில் விஷம் காவலுக்கு நிற்கிறது. அதற்கு யார் முகமும் தெரியாது.

கொன்று தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அரசாங்கங்களுக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்திலேயே ஒவ்வொரு ஊரும் காக்கை வலை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1566-இல் காக்கைத் தலைக்குப் பணம் கொடுக்கச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ராக்ஃபோர்டு அருகே 1940-இல் காக்கைகள் இரவில் அடையும் தோப்புக்கே வெடிவைத்து 3 லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். இரண்டு நாட்டிலும் இன்றைக்கும் காக்கை இருக்கிறது. கென்யா 2024-இல் 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. அவை நம் ஊர்க் காக்கைகளின் வழிவந்தவை. சான்சிபாரில் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கிருந்து பரவியவை. கென்யாவில் அவை வந்தேறிகள், உள்ளூர்ப் பறவைகளின் குஞ்சுகளை வாழவிடாதவை என்பதால் அந்த நாட்டின் வழக்கே வேறு. ஆனால் ஒன்றை அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். காக்கையின் தொகையைத் தீர்மானிப்பது கொல்லை அல்ல, குப்பைமேடு. எங்கள் ஊரையொட்டி நாலுவழிச் சாலை வந்தது. சாலையோரம் சாப்பாட்டுக் கடைகளும் கறிக்கடைகளும் வந்தன. கோழிக்கழிவு மூட்டை மூட்டையாக ஏரிக்கரையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் முளைக்கு வரும் கூட்டம் இப்படிப் பெருத்தது. ஆண்டு முழுக்கக் கடைக்காரர் வளர்க்கும் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் சோறு போடுவது விவசாயி.

மற்ற நாள்களில் அந்தக் காக்கை என்ன தின்கிறது? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மேசனும் மேக்ஸ்வெல் லெஃப்ராயும் பறவைகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்து, இந்தியப் பறவைகளின் உணவைப் பற்றி 1912-இலேயே ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அமெரிக்க வேளாண்துறைக்காக கால்ம்பாக் 2,000-க்கு மேற்பட்ட காக்கை வயிறுகளைச் சோதித்து 1918-இல் அறிக்கை கொடுத்தார். வளர்ந்த காக்கை தின்பதில் பெரும்பங்கு தானியமும் பழமுமாக இருந்தது. விவசாயி பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டில் இருந்த குஞ்சுகளின் வயிற்றில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பூச்சியும் புழுவும் மற்ற சிற்றுயிர்களும்தான். இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். ஏர் ஓட்டும்போது பின்னால் வருவது யார் என்று பார்த்தால் போதும். கொக்கும் மைனாவும் காக்கையும் சாலோடு நடந்து, மல்லாட்டையின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவைப் பொறுக்குகின்றன. முளையில் விரட்டிய அதே கொல்லையில், செடி வளர்ந்து புழு விழுந்ததும், பறவை வந்து உட்காரக் குச்சி நட்டுவை என்று வேளாண்துறையே சொல்கிறது. நாங்களும் நடுகிறோம். குருணை வைத்த ஆண்டு அந்தக் குச்சிகளில் உட்கார வந்தவை குறைவு.

சட்டமும் காக்கையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, பிறகு மாற்றிக்கொண்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஊர்க் காக்கையை எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர் என்று வைத்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. எடுத்தது சரிதான். ஆனால் அட்டவணையில் இருந்த ஐம்பது ஆண்டும் விவசாயிக்கு ஒரு பிடி விதை மிஞ்சவில்லை. எடுத்தபிறகும் ஒரு பிடி விதை ஈடாக வரவில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய வித்தையும் இல்லை. காக்கையோடு நமக்கு உள்ள சண்டை ஆண்டுக்கு ஒரு சில நாள்தான்; அந்த நாள்களை மட்டும் காத்தால் போதும். விதையை இரண்டு அங்குல ஆழத்தில் போட்டு நன்றாக மூட வேண்டும். மேலே சிதறிய பருப்புதான் முதல் காக்கையைக் கூப்பிடுகிறது. மரத்தையொட்டிய கொல்லை, தனியாக முந்தி விதைத்த கொல்லை இரண்டும்தான் அதிகம் அடிபடும். ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பிரிந்துபோகும். ஒருவன் தலையில் விழாது. சிவப்பும் வெள்ளியுமான மினுக்கு ரிப்பனை முறுக்கிக் கட்டினால் காற்றில் இரையும், வெயிலில் மின்னும். அதுவும் காக்கைக்குப் பழகிப்போகும்; ஆனால் பழகுவதற்குள் முளை நாலு இலை விட்டுவிட்டால் நமக்கு அது போதும். முதல் நாளே கட்டாமல், மண் கீறும் நாளில் கட்ட வேண்டும். கறிக்கடைக் கழிவை ஊராட்சி குழிதோண்டிப் புதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருக்கலிலும் சாயங்காலத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

கூலி என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் காவல் எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் பிள்ளைகளின் படிப்பாகக் கொடுத்தோம். இப்போது மைனாவாகவும் கோழியாகவும் மண்ணாகவும் கொடுக்கிறோம். ஆதரவு விலையைக் கணக்கிடும்போது குடும்ப உழைப்பையும் சேர்க்கிறோம் என்கிறது அரசு. அந்த உழைப்பில் கருக்கல் காவலும் ஏறட்டும். எண்ணெய் மலிவாக வேண்டும், அமாவாசைச் சோற்றுக்குக் காக்கையும் வர வேண்டும் என்கிற நாம் எல்லோரும் அந்தக் கூலியில் ஒரு பங்குக்குக் கடன்பட்டவர்கள்.

போன கார்த்திகையில் நாங்கள் ஐந்து கொல்லைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு மூன்று நாளுக்குள் விதைத்தோம். குருணை வைத்தவரும் அதில் ஒருவர். இரண்டு பேரைக் காவலுக்கு வைத்து, கூலியை ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொண்டோம். முளை ஓரத்தில் கொஞ்சம் போனது, நடுக்கொல்லை தப்பியது.

அக்கா அந்த வாரம் வந்திருந்தாள். கொல்லையைச் சுற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். விதை, டிராக்டர், ரிப்பன். அடுத்த வரியில் 'காவல் கூலி, பன்னிரண்டு நாள், இரண்டு ஆள்' என்று எழுதித் தொகையைப் போட்டேன்.

"இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றாள்.

"எழுதணும்க்கா" என்றேன்.

நோட்டை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டு ஒருமுறை படித்தாள். பிறகு அப்பாவின் பழைய நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.