வெயில் எழுதிய தீர்ப்பா?

உலகப் படத்தை விரித்து நோக்குவோர் உள்ளத்தில் ஒரு வியப்பு எழாமல் இராது. கதிரவன் ஒன்றே, எனினும் ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் மழை, ஓரிடத்தில் ஈரம் காணாத மணல், ஓரிடத்தில் கோடையிலும் கரையாத பனி. நிலங்கள் இவ்வாறு வேறுபடுவதுபோல, அவற்றில் வாழும் மாந்தரின் குணமும் வேறுபடுமோ? வெப்ப நாட்டவன் சோம்பேறி, குளிர் நாட்டவன் உழைப்பாளி என்பது அறிவா, அநீதியா?

1748இல் வெளிவந்த 'சட்டங்களின் சாரம்' என்னும் நூலில் பிரெஞ்சு அறிஞர் மோந்தெஸ்கியூ இதற்கு விடை கூற முயன்றார். ஆட்டின் நாக்கில் ஒரு பாதியை உறையவைத்து, உருப்பெருக்கியால் நோக்கினார். அதன் நுண்ணிய முகிழ்கள் குளிரில் அடங்கி மறைந்தன; குளிர் நீங்கியபின் மீண்டும் தலைகாட்டின. குளிர் உடலை இறுக்கி வலிமை தருகிறது. வெப்பம் உடலோடு மனத்தையும் தளர்த்துகிறது என அவர் முடிவு கட்டினார். இந்தியர் இயல்பிலேயே துணிவற்றோர் என எழுதினார். வெப்பம் மிகுந்த நாடுகளில் அடிமைமுறை பகுத்தறிவுக்கு அவ்வளவாக முரண்படாது என்றும் கூறினார். ஓர் ஆட்டின் நாக்கிலிருந்து மக்கள் இனங்களின் தலைவிதிவரை எத்துணை எளிதில் தாவிவிட்டார்!

எனினும் அவருடைய மனச்சான்று உறங்கிவிடவில்லை. மனிதர் யாவரும் சமமாகப் பிறப்பதால் அடிமைமுறை இயற்கைக்கு மாறானது என்று அதே நூலில் ஒப்புக்கொள்கிறார். உரிமையுள்ள மனிதரைக் கொண்டு உழைப்பு நடத்த இயலாத தட்பவெப்பம் உலகில் ஒருவேளை எங்குமே இராது என்றும், தீய சட்டங்களே மனிதரைச் சோம்பேறிகளாக்கின என்றும் எழுதுகிறார். கோட்பாடு ஒரு பக்கம் இழுக்க, நீதியுணர்வு மறுபக்கம் இழுத்திருக்கிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின், 1900இல், விளாதிமிர் கொப்பன் தட்பவெப்பங்களை வேறு வகையில் பிரித்தார். செடி கொடிகளின் வாழ்வை ஆராய்ந்த அவர், மனிதரின் குணத்தைக் கேட்கவில்லை. தாவரங்களையே சாட்சிகளாக அழைத்தார். பின்னர் அவரே திருத்தியமைத்த பகுப்பில் பெரும்பிரிவுகள் ஐந்து. மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 பாகைக்குக் குறையாதது வெப்பமண்டலம். பெய்யும் மழையை வெப்பம் குடித்துவிடுவது வறண்ட நிலம். அடுத்தவை மிதமான குளிருடையதும் கடுங்குளிருடையதும். மிக வெப்பமான மாதத்திலும் சராசரி 10 பாகையை எட்டாதது துருவநிலம். அங்கே மரம் வளர்வதில்லை. இப்பகுப்பில் உயர்வு தாழ்வு இல்லை. ஒவ்வொரு நிலமும் உயிர்களிடம் எதைக் கேட்கிறது என்பது மட்டுமே உண்டு.

நிலம் கேட்கிறது, மனிதன் விடை தருகிறான். பாலைவனத்து அரபு நாடோடிகள், முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கும் மூன்று நாள் உணவும் காவலும் அளிப்பதைக் கடமையாகக் கொண்டனர். சைபீரியக் காட்டுக் குடிசையில் தங்கிச் செல்லும் வேடன், அடுத்து வரும் முகமறியாதவனுக்காக உலர்ந்த விறகை வைத்துச் செல்வது வழக்கம். ஒன்று நீரில்லா நிலம். மற்றது நீர் உறையும் நிலம். அறம் அணிந்த ஆடை வேறு, அறம் ஒன்றே.

அப்படியாயின் வெயிலுக்கு நம்மீது ஆட்சியே இல்லையா? உண்டு, அதை மறைப்பதும் நேர்மையன்று. வியர்வை உலரும்போதே உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி உலராது. வெப்பம் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். அந்நிலையில் ஓயாது உழைப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே உச்சி வேளையில் நிழலை நாடுவது சோம்பலன்று. தலைமுறைகள் கண்டறிந்த விவேகம். வெயில் உழைப்பின் நேரத்தை வகுக்கலாம். உழைப்பவனின் மதிப்பை வகுக்க அதற்கு உரிமையில்லை.

மோந்தெஸ்கியூவைக் குறைகூறி நாம் இளைப்பாறிவிட முடியாது. மின்விசிறியின்கீழ் அமர்ந்தபடி, சாலையோர மரத்தடியில் சற்றே தலைசாய்த்த கூலியாளை நோக்கி, "இவர்களுக்கு உழைக்க மனமில்லை" என்று நாம் சொல்வதில்லையா? அவர் விடியலுக்குமுன் வேலையைத் தொடங்கியதை நாம் கண்டதில்லை. அவர் நிற்கும் வெயிலில் ஒரு மணி நேரம் நாம் நின்றதுமில்லை. ஒருவரை எடைபோடுமுன், அவருடைய வானத்தின்கீழ் சிறிது நேரமேனும் நின்று பார்ப்பது நம் கடனன்றோ?