மூளையின் இரசாயனமும் மனிதனின் பொறுப்பும்

மனிதன் தன் செயல்களுக்குப் பொறுப்பாளியா, அன்றி உடலின் ஏவலுக்கு ஆடும் பொம்மையா என்னும் வினா மிகப் பழையது. நெடுங்காலம் அறிஞர்கள் இதனைத் தத்துவ நூல்களில் ஆராய்ந்தனர். நம் காலத்தில் அதே வினா ஆய்வுக்கூடத்தின் வழியே திரும்பி வந்துள்ளது. அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன்.

1923ஆம் ஆண்டு உப்சாலா நகரில் பிறந்த கார்ல்சன், லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். 1955இல் அமெரிக்கா சென்று, ரெசர்பின் என்னும் மருந்து மூளையில் விளைவிக்கும் மாற்றங்களை ஆராய்வதில் ஈடுபட்டார். அம்மருந்து சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சித்தப் பிரமை கொண்டோரை அமைதிப்படுத்த இந்திய வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட மூலிகை அது.

நாடு திரும்பியபின் அவரும் துணைவர்களும் முயல்களுக்கு ரெசர்பின் செலுத்தினர். அவை அசைவற்றுக் கல்லாய்ச் சமைந்தன. பின்னர் எல்-டோபா என்னும் பொருளை ஊசி வழியே ஏற்றியதும், சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. இச்செய்தி 1957இல் வெளியாயிற்று. எல்-டோபா மூளைக்குள் டோபமின் ஆக மாறுகிறது என்பதையும், ரெசர்பின் கொடுத்தால் அந்த டோபமின் வற்றிவிடுகிறது என்பதையும் மறு ஆண்டில் அவர்கள் காட்டினர். அதுவரை டோபமினை, வேறொரு பொருள் உருவாகும் வழியில் தோன்றி மறையும் இடைநிலைப் பொருளென்றே பலரும் கருதியிருந்தனர். நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் தூதர்களுள் அதுவும் ஒன்று என்னும் கருத்தை, 1960இல் இலண்டனில் கூடிய பேரறிஞர்கள் ஏற்கத் தயங்கினர். ஆயினும் அதே ஆண்டில், பார்க்கின்சன் நோயுற்று இறந்தோரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பது வியன்னாவில் கண்டறியப்பட்டது. நடுக்கமும் விறைப்பும் கொண்ட அந்நோயாளர்க்கு எல்-டோபா இன்றும் தலையாய மருந்து. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 2018இல், தம் 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. டோபமினைப் போன்றே செயற்படும் மருந்துகள் சிலவற்றை உட்கொண்ட நோயாளருள் சிலர், அதற்கு முன் சூதாட்டத்தின் பக்கமே செல்லாதவர்கள், சூதில் வெறிகொண்டு சேமிப்பை இழந்தனர். மருந்தின் அளவைக் குறைத்ததும் பலரிடம் அவ்வெறி தணிந்தது. அவர்கள் செய்தது பாவமா, மருந்தின் விளைவா? ஒரு மாத்திரையால் ஒழுக்கம் நிலைகுலையுமாயின், ஒழுக்கம் என்பதே வெறும் இரசாயனம்தானே என்பர் சிலர்.

அஃது அவசர முடிவு. அரபு மொழியில் அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்னும் சொல்லும், ஒட்டகத்தின் காலைப் பிணைக்கும் கயிற்றைக் குறிக்கும் ‘இகால்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அறிவு ஆசையைப் பிணைக்கும் கயிறு. அக்கயிறும் நாரால் ஆனதே. நார் நைந்தால் கயிறு அறும். கயிறு எந்த நாரால் ஆனது என்று சொல்லும் ஆய்வு, ஒட்டகத்தை எங்கே கட்ட வேண்டும் என்று சொல்வதில்லை. மேலும், கயிறு அறுந்த ஒருவரைக் காட்டி, எவர் கையிலும் கயிறே இல்லை என வாதிப்பது முறையன்று. நோயால் அறுந்தது வேறு. தானே அவிழ்த்துவிட்டது வேறு. மார்க்கச் சட்ட அறிஞர்கள் அறிவிழந்தவர்மீது கடமைகளைச் சுமத்தாததும், அறிவுள்ளவரை விடாததும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே.

இவ்விரண்டுக்கும் இடையே, கயிறு இழை இழையாக நைந்து நிற்கும் நிலையும் உண்டு. தவறென அறிந்தும் அடக்க இயலாமல் தவித்த நோயாளர் உண்டு. அவர்களுடைய பொறுப்பு எத்தனை பங்கு என்று மருத்துவராலும் நீதிபதியாலும் அளந்து கூற இயலாது. எனினும், தம்முள் நேர்ந்த மாற்றத்தை ஒளிக்காமல் சொல்வது அவர்கள் கையில் எஞ்சியிருக்கும் இழை. கேட்டவுடன் வசைபாடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டார் கடமை.

நம் இல்லங்களிலோ, அந்நோயால் முகத்தசை இறுகிப்போன முதியவர் சிடுமூஞ்சி எனப்படுகிறார்; மனச்சோர்வில் வீழ்ந்த பெண் சோம்பேறி எனப்படுகிறாள். அதே வேளை, நாம் சினந்து பேசிய சொல்லுக்கு மட்டும் இரத்தக் கொதிப்பைச் சாட்சிக்கு அழைக்கிறோம். கார்ல்சனின் வாழ்நாள் உழைப்பு இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கச் சொல்கிறது. பிறரை எடைபோடும்போது, அவர் கயிற்றின் நார் நைந்திருக்கலாம் என நினைப்போம். நம்மை எடைபோடும்போது, கயிறு இன்னும் நம் கையில் இருப்பதை நினைப்போம்.