பார்க்கப் போகிறவர்கள்

வெளிநாட்டுக் கல்விப் பயணங்களின் நிகழ்ச்சிநிரல்கள் கடன் மனுக்களோடு என் மேஜைக்கு வருவதுண்டு. அவற்றில் ஒரு பிரிவினை மாறுவதே இல்லை. காலையில் எரிசக்தி, மாலையில் கலாசாரம். பகலில் காற்றாலை, நீர்மின் நிலையம். இரவில் நாட்டுப்புற நடனம், உள்ளூர்ச் சாப்பாடு. முன்னதற்கு நோட்டுப் புத்தகம், பின்னதற்குக் காமிரா. எரிசக்தி வரப்போவதைப் பற்றியது, கலாசாரம் போய்விட்டதைப் பற்றியது என்ற அனுமானம் இதன் அடியில் கிடக்கிறது. அது நியாயமானதுதானா என்பதே என் கேள்வி.

நார்வேயின் ஃபோஸன் தீபகற்பத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்ற இரு இடங்களில் 151 காற்றாலைகள் நிற்கின்றன. அவை நிற்பது ஸாமி மக்களின் பனிமான்கள் குளிர்காலத்தில் மேய்ந்துவந்த நிலத்தில். 2018 டிசம்பரில் ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, ஸ்டோர்ஹெய்யாவில் வேலையை நிறுத்திவைக்கக் கேட்டது. வேலை நிற்கவில்லை. 2021 அக்டோபர் 11 அன்று நார்வேயின் உச்ச நீதிமன்றம், 11 நீதிபதிகளும் ஒருமித்து, உரிமங்கள் செல்லாது என்றது. ஆதாரம், சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 27வது பிரிவு. சிறுபான்மையினர் தங்கள் கலாசாரத்தை அனுபவிக்கும் உரிமையைச் சொல்வது அது. அதாவது, சட்டத்தின் கண்ணில் மேய்ச்சலும் கலாசாரம்தான்.

வழக்கமான தார்மீகக் கணக்கு இங்கே என்ன சொல்லும்? புகையில்லாத மின்சாரம் பலருக்கு. இழப்பு சில குடும்பங்களுக்கு. ஆகவே நஷ்ட ஈடு. கீழ் நீதிமன்றம் அப்படித்தான் கணக்கிட்டு, குளிர்காலத்தில் மான்களை அடைத்துத் தீவனம் போட ஏறக்குறைய 9 கோடி குரோனர் விதித்தது. வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்தத் தர்க்கம் அந்நியமல்ல. பற்றுக்கு எதிரே வரவு. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இந்த உரிமையைச் சமூகத்தின் மற்ற நலன்களோடு தராசில் வைத்து நிறுக்க இடமில்லை என்றது. நான் புரிந்துகொண்டவரை இதன் நியாயம் எளிமையானது. எண்ணிக்கையில் சிறியவர்கள் எந்தத் தராசிலும் தோற்பார்கள். தோற்காமலிருக்கத்தான் உரிமை என்று ஒன்று. வேலிக்குள் மான் பிழைத்துவிடும். பனியைப் பார்த்து மந்தையை நடத்திச்செல்லும் அறிவு பிழைக்குமா?

இதில் மேய்ப்பர்களைப் புனிதர்களாக்கிவிடும் ஆபத்து உண்டு. அவர்களும் பனியில் மோட்டார் வண்டி ஓட்டுகிறார்கள். பருவநிலை மாறிக் குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்தால், பனிக்கட்டிக்கு அடியிலிருக்கும் இரையை அவர்களுடைய மான்களால் எட்ட முடிவதில்லை. ஆக, காற்றாலை எங்கோ ஓரிடத்தில் நிற்பது அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. பிரச்னை உண்மையான பிரச்னையாவது இங்கேதான். 'எங்கோ ஓரிடம்' எது என்பதை யார் தீர்மானித்தார்கள், யாரைக் கேட்டு?

தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றின. 500 நாள் கழித்து, 2023 பிப்ரவரியில், ஸாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிலர் தங்கள் பாரம்பரிய உடையான காக்தியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி அணிந்திருந்தார்கள். மாலை நிகழ்ச்சிகளில் விருந்தாளிகள் படமெடுக்கும் அதே உடை. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் சமரச ஒப்பந்தங்கள் வந்தன. காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன.

மாணவர்கள் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகட்டும். ஆனால் 'புதுப்பிக்கத்தக்க' என்ற சொல் காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது, கோபுரம் ஊன்றியிருக்கும் நிலத்தைப் பற்றி அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். எத்தனை மெகாவாட் என்று கேட்கிற மாணவன், இந்த இடத்தில் முன்பு குளிர்காலத்தில் என்ன நடந்தது என்றும் அங்கேயே நின்று கேட்கவேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் பொறியியலில் சேர்ந்ததுதான். இரண்டாவது கேள்வியை மாலைக்கு ஒத்திவைப்பவன் கலாசாரத்தை மட்டுமல்ல, எரிசக்தியையும் பார்க்காமல்தான் திரும்புகிறான்.