சுவேதசமும் உயிர்நூலும்

திருச்சிற்றம்பலம்

பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றாகிய திருச்சுழியலில், துணைமாலையம்மையோடு திருமேனிநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலின் அருகே குண்டாறு செல்கின்றது. ஆறெனினும் ஆண்டிற் பல மாதம் அது மணலே. அங்கிருந்து அருப்புக்கோட்டை வரையிலும் கிடப்பது வானம்பார்த்த பூமி. கோடையிற் கரிசல்நிலம் கால் நுழையுமளவு வெடித்துக் கிடக்குங்கால், உயிர்ப்பொருள் ஒன்றேனும் ஈண்டுளதோ என்று ஐயுறத் தோன்றும். ஒரு மழை பெய்து விட்டாலோ ஈசல் எழும், தவளை கத்தும், செம்மண் மேட்டிற் குருதித்துளி சிந்தினாற்போலத் தம்பலப்பூச்சிகள் ஊரும். நேற்றுக் காணப்படாதன இன்று எங்ஙனம் வந்தன? இவ்வினாவே யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளாம்.

உயிர்கள் உடம்பெடுக்கும் வகை நான்கென்பது நம் நூல்வழக்கு. முட்டையில் தோன்றுவன அண்டசம். கருப்பையில் தோன்றுவன சராயுசம். வித்து, வேர் முதலியவற்றினின்று நிலத்தைப் பிளந்து தோன்றுவன உற்பிச்சம். வேர்வையிலும் ஈரத்திலும் தோன்றுவன சுவேதசம். அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியாரில் இந்நான்கனையும் எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதத்தோடு வைத்துரைத்தனர். யாம் நாற்பதாண்டாகப் பாடஞ்சொல்லி வந்ததும் இதுவே. பேனும் புழுவும் தம்பலப்பூச்சியும் சுவேதசத்திற்கு எடுத்துக்காட்டென்று தயங்காது கூறிவந்தோம். தம்பலப்பூச்சியை இந்திரகோபம் என்றும், மூதாய் என்றும் முன்னோர் வழங்கினர். பட்டுப்போல் மெத்தென்றிருத்தலின் ஊர்ப்பிள்ளைகள் அதனைப் பட்டுப்பூச்சி என்பர்.

சில ஆண்டுகட்கு முன், ஐப்பசி மழைக்குப் பின் ஒருநாள், எம்மிடம் சித்தாந்தம் கேட்டுவந்த மேனிலைப்பள்ளி மாணவன் ஒருவன், "ஐயா, தம்பலப்பூச்சி மழையிற் பிறப்பதன்று, அதுவும் முட்டையிலிருந்தே பிறப்பது என்று எங்கள் விலங்கியல் ஆசிரியர் சொல்லுகிறார். அப்படியானால் சுவேதசம் பொய்தானா?" என்று வினவினன். "நூலை ஐயுறாதே" என்று யாம் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது வணங்கிச் சென்றான். அடுத்த இரண்டு வாரம் பாடத்திற்கு வரவில்லை.

அந்நாட்களில் ஒருநாள் எம் இல்லத்துத் திண்ணையில், மூதாட்டி ஒருத்தி தன் பெயர்த்திக்கு ஈர்வலியால் தலைவாரக் கண்டோம். ஈர் என்பது பேனின் முட்டையன்றோ? 'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல்' என்னும் பழமொழியை எத்தனையோ முறை யாமும் மேடைமேற் கூறியிருக்கின்றோம். ஈரே பேனாவதென்று ஊர்ப்பெண்டிர் அறிவர், பழமொழியும் அறியும். நாற்பதாண்டு பாடஞ்சொன்ன யாமோ பேன் வேர்வையிற் பிறந்ததென்று கூறிவந்தோம். நாணம் மேலிட்டது. அதன்பின்னரே உயிர்நூல் கூறுவதை ஒருவரிடம் முறையாகக் கேட்டறிந்தோம்.

இக்கருத்து மேனாட்டிலும் நெடுங்காலம் நிலவிற்று. அழுகிய இறைச்சியிற் புழு தானே பிறக்குமென்று அவரும் நம்பினர். இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செசுக்கோ ரெடி என்பார், 1668ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை மறுத்தனர். இறைச்சியிட்ட கலங்களுட் சிலவற்றைத் திறந்துவைத்து, சிலவற்றை மெல்லிய துணியால் மூடினர். திறந்தவற்றில் ஈ மொய்த்து முட்டையிட்டது, புழு நெளிந்தது. மூடியவற்றுள் இறைச்சி அழுகியதேயன்றிப் புழு தோன்றவில்லை. அதன்பின்னரும், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் தாமே தோன்றுவனவென்று பலர் சாதித்தனர். பிரஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த கழுத்துடைய குடுவையிற் சாற்றினைக் கொதிக்கவைத்து விடுத்தனர். காற்றுப் புகுந்தது; தூசி வளைவிலே தங்கிவிட்டது; சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்துத் தூசி விழவிட்டதும் நுண்ணுயிர் பெருகிற்று. 1862ஆம் ஆண்டளவில் அவ்வழக்குப் பெரிதும் ஓய்ந்தது. அதற்குமுன்னரே, 1855இல், உயிரணு ஒவ்வொன்றும் முன்னுள்ள உயிரணுவினின்றே தோன்றுமென்று செருமானிய மருத்துவர் வீர்ச்சோ உரைத்திருந்தனர்.

இனி நம் நிலத்திற்கு வருவோம். ஈசல் மழையிற் பிறந்ததன்று. கறையான் புற்றினுள் வளர்ந்து சிறகுபெற்று மழைக்குக் காத்திருந்தது. தவளை வானினின்று விழுந்ததன்று. மண்ணுட் புதைந்து வெயிற்காலத்தை உறங்கிக் கழித்தது. தம்பலப்பூச்சி எட்டுக்காலுடையது, சிலந்தியின் இனத்தோடு சேர்த்தெண்ணப்படுவது. தாய் மண்ணுள் முட்டையிடும். அதனின்று வருங் குஞ்சிற்கு ஆறு காலே உள. அது வெட்டுக்கிளி முதலியவற்றின் உடலைப் பற்றி உறிஞ்சி வளர்ந்து, பின் உதிர்ந்து, மண்ணினுள் உருமாறி எட்டுக்காலுடையதாகும். ஆண்டின் பெரும்பகுதி நிலத்தினுள் வாழ்ந்து, மழை நனைத்த பின்னர்ச் சிலபொழுதே மேலே உலவும். அச்சிலபொழுதைக் கண்டு, அதுவே அதன் பிறப்பென்று நாம் துணிந்தோம்.

அற்றேல், நூல் பிழைத்ததோவெனின், கூறுதும். காரணம் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றென்பது நம் சித்தாந்தம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பேனின் உடம்பிற்கு ஈரும், தம்பலப்பூச்சியின் உடம்பிற்கு அதன் முட்டையும் முதற்காரண நிலையில் நிற்ப, வேர்வையும் மழையும் துணைக்காரணமாய் நிற்கின்றன. துணையை முதலென மயங்கியதே பிழை. அம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி நம் அளவைநூலிலேயே உளது. எனினும், முன்னோர் நுண்ணோக்காடியாற் கண்டே இங்ஙனம் கூறினரென்று யாம் சாதிக்கப் புகேம், அது வீண்பெருமை. அவர் கண்ணாற் கண்டவாறு வகுத்தனர். காட்சி விரிந்தவிடத்து வகுப்பும் திருந்துதல் முறையே.

'ஒன்று திருந்துமாயின் அனைத்தும் ஐயத்திற்கிடமாகாவோ?' எனின், ஆகா. காட்சிக்கு எட்டிய பொருளிற் காட்சியே அளவை. அதற்கு எட்டாதவிடத்தன்றோ அனுமானமும் ஆகமமும் வேண்டப்படுவன? ஓருயிரே வினைக்கேற்பப் பல உடம்பெடுக்கும் என்பதே ஆண்டுச் சாதிக்கப்படும் பொருள். உடம்பு தோன்றும் வாயில் நான்காயினும் மூன்றாயினும் அம்முடிபு அசையாது.

மற்றொன்றுங் கூறுதும். பாஸ்டர் ஆன்மாவை நாட்டிவிட்டாரென்று மேடையிற் சிலர் முழங்குவர். அதுவும் பிழையே. உண்ணல், வளர்தல், உணர்ந்தெதிர்தல், இனம்பெருக்கல் என்னும் உடம்பின் தொழிற்பாட்டையே உயிர்நூலார் உயிர் என்பர். அறிவுடையதாய் ஆணவத்தாற் கட்டுண்டு கிடப்பதனை நாம் உயிர் என்போம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவ்வுலகில் 350 கோடி ஆண்டுகட்கு முன்னரே உயிர்வாழ்க்கை இருந்ததென்பர். முதன்முதல் அஃது எவ்வாறு தோன்றிற்றென்பது அவரிடத்து இன்னும் ஆராய்ச்சியிலுளது. அவர் ஆய்வுக்கூடம் நம் முடிபுக்குச் சான்றுமன்று, பகையுமன்று. உயிருண்மையைச் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் தன் ஏதுக்களாலேயே நிறுவும். அதற்குப் பிறரிடம் கடன்பெற வேண்டுவதில்லை. அருணந்தியார் பரபக்கத்திற் பிறர் மதம் பதினான்கனையும் அவரவர் வாய்மொழிபோல் எடுத்துரைத்த பின்னரே மறுத்தனர். அவர் வழிவந்த நாம் உயிர்நூலைப் படியாமலே மறுப்பதும், படியாமலே துணைக்கழைப்பதும் தகுமோ?

யாம் அம்மாணவன் இல்லஞ் சென்று, "தம்பி, நீ கேட்டது சரி, யாம் கூறியதே பிழை" என்று சொல்லிப் பாடத்திற்கு அழைத்துவந்தோம். அன்று அழையாதிருப்பின், பேனோடு சேர்த்துச் சித்தாந்தம் முழுவதையும் அவன் எறிந்திருப்பான்; அவ்வினை எம்மையே சார்ந்திருக்கும்.

பிள்ளைப்பருவத்தில் யாமும் தம்பலப்பூச்சிகளைத் தீப்பெட்டியில் அடைத்துப் புல்லிட்டு விளையாடினோம். மறுநாட் காலை அவை இறந்துகிடக்கும். மழையிற் பிறந்ததுதானே, அடுத்த மழை இன்னும் தரும் என்று கொட்டிவிட்டு ஓடுவோம். மண்ணினுட் பன்மாதங் காத்திருந்து, முட்டையிடுதற்பொருட்டு ஒருசில பொழுதே மேல்வந்த தாய் அஃதென்று அன்று அறியோம். இன்று அறிந்தோம், மழைநாளிற் குண்டாற்றங்கரையில் கால்வைக்கும் இடம் பார்த்தே நடக்கின்றோம். உயிர்கள்மாட்டு அருளை வளர்க்கும் அறிவு எத்திசையினின்று வரினும், அதனைப் பெருமான் தந்ததாகவே கொள்க. மடங்களிற் பாடஞ்சொல்லும் பெரியோர், சுவேதசம் வருமிடத்து இதனையும் ஒரு சொற் கூட்டி உரைப்பாராக.

திருச்சிற்றம்பலம்