தாத்தா யுத்தத்துக்குப் போனாரா?



விமானப்படைத் தளமுள்ள தாம்பரத்தில், ஓய்வு பெற்ற விமானியாய், பக்தியுள்ள கிறிஸ்தவராய் மரித்த தாத்தாவைப் பற்றி, “அவர் யுத்தத்தில் யாரையாவது கொன்றாரா?” என்று பேரன் கேட்கக்கூடும். அவரது செபமாலையை மட்டும் காட்டி மழுப்புவது நியாயமா?

லெனர்டு செஷையர் என்ற ஆங்கிலேய விமானி, 1945 ஆகஸ்டு 9-ல் கத்தோலிக்கர் பலர் வாழ்ந்த நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை வானிலிருந்து கண்டவர். 1948-ல் சாகக் கிடந்த புற்றுநோயாளி ஒருவரைத் தம் வீட்டில் சேர்த்துத் தாமே பணிவிடை செய்தார். அவ்வருடக் கடைசியில் கத்தோலிக்கரானார். அவர் பெயரால் ஊனமுற்றோர் இல்லங்கள் நம் தேசத்திலும் எழுந்தன. குண்டுக்குப் பரிகாரம் என்போம், அது சுலபம். அவரோ, அக்குண்டே யுத்தத்தை முடித்ததென்று முதுமையிலும் வாதித்தார்!

ஆகையால் பேரனை அதட்டாதீர்கள். தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பின்பு தாத்தாவின் ஆத்துமத்துக்காக அவனோடு சேர்ந்து செபியுங்கள்.